மாடிக்கு வந்த மானிட்டர்

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் படித்த கல்லூரியில் எங்களுக்கு அது முதல் நெட்வொர்க் லேப். லினக்ஸ் சர்வர் மாடியில் பூட்டிய அறையில் இருந்தது. கீழே உட்கார்ந்தபடியே எல்லோரும் அதற்குள் நுழைந்து வேலை செய்வோம். அன்று அட்மின் பாஸ்வேர்டு என்னிடம்.

சர்வருக்குப் புது ஐ.பி. முகவரி கொடுத்துவிட்டு, அதன் நெட்வொர்க்கை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். நிறுத்தினேன். தொடங்கலாமென்று டைப் செய்தால் ஓர் எழுத்துகூட விழவில்லை. என் கட்டளை மாடிக்குப் போகும் வழியே அந்த நெட்வொர்க்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. லேப் முழுக்க எல்லா ஸ்கிரீனும் அசையாமல் நின்றன.

"சார் நோக்கிக்கொள்ளும், நீ இவிடெ இரி," என்று மலையாளத்தில் என்னை உட்காரச் சொன்னாள் பக்கத்து சீட் நஸ்ரின்.

"நிறுத்தினது நான். நானே போறேன்."

சாரிடம் சாவி வாங்கிப் படியேறினேன். திரும்பிப் பார்த்தால், நஸ்ரின் தன் மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். அந்த சர்வருக்கு ஸ்கிரீனே கிடையாது என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

இரண்டையும் சர்வரில் மாட்டி, தொடங்கும் கட்டளையை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். "வந்நு, வந்நு" என்று, நெட்வொர்க் வந்துவிட்டதாகக் கீழிருந்து குரல்கள் கேட்டன.

"கழற்றாதே. கீழே சொல்லிட்டு வா, இன்னொரு தடவை நிறுத்தித் தொடங்கணும்," என்றேன்.

"நினக்கு பிராந்தாணோ?" பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

பயத்தோடு இறங்கினால் அந்தக் கட்டளையை இனி தொடவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். மறுபடி நிறுத்தினேன். தொடங்கினேன். இந்த முறை எழுத்தெழுத்தாகப் பார்க்கவில்லை.

இன்று நான் கவனிக்கும் சர்வர்கள் எங்கெங்கோ இருக்கின்றன. எதை நிறுத்தும் முன்பும் ஒன்றை யோசிப்பேன்: அங்கே மானிட்டரைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்?