அம்மா சொல்லிக்கொண்டு போகப் பழகியது

உத்திரமேரூரில் நான் ஏறும் கம்பெனி பஸ்ஸில், பின் சீட்டுப் பெண்கள் இருவர் என்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று ஒரு நாள் தோன்றியது. மறுநாளும் தோன்றியது. அப்புறம் கம்பெனியில் மிஷின் சத்தத்துக்குள் யாரோ என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பினால் யாரும் இல்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு மாதம் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வேலைக்குப் போவதை நான் நிறுத்தியதும், அம்மா காஞ்சிபுரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது கண் அசந்துவிட்டேன். விழித்தால் அம்மா இல்லை. டீ வாங்கத்தான் போயிருக்கிறாள். எனக்கோ, என்னை இங்கேயே தள்ளிவிட்டுப் போய்விட்டாள் என்று உறுதியாகிவிட்டது. வாசல்வரை ஓடிய என்னை நர்ஸ் பிடித்து நிறுத்தினார்.

டாக்டரம்மா அதைத்தான் முதலில் விசாரித்தார். "சொல்லிட்டுப் போயிருக்கலாமேம்மா?"

"சொன்னா பயப்படுமேன்னுதான் மேடம். சின்னதுலேருந்தே அப்படித்தான். சூளை வேலைக்குப் போகசொல்ல, இது தூங்கசொல்லதான் பூடுவேன். பாத்துச்சுன்னா அழுவும்."

எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். தை பிறந்தால் செங்கல் சூளைக்குக் கிளம்புவார்கள். குழந்தையைச் சித்தி வீட்டில் தூங்கவைத்துவிட்டு நழுவுவார்கள். அதை அன்பு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். விழித்தால் மூன்று நான்கு மாதத்துக்கு அம்மா கிடையாது.

எனக்கு இருப்பது சைக்கோசிஸ் (நிஜம் எது, மனம் உண்டாக்குவது எது என்று பிரித்தறிய முடியாத நிலை) இல்லை, அதற்கு முந்தைய அபாயக் கட்டம் என்றார் டாக்டரம்மா. எல்லோருக்கும் அது முற்றிவிடாது என்றும் சொன்னார். பிறகு பிணைப்புப் பாங்கு (நெருங்கியவர்களை நம்பிச் சாய்வதும் விலகி நிற்பதும் சிறுவயதில் படியும் விதம்) பற்றி விளக்கினார். "இதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லலம்மா. ஆனா பயம் வந்தா இவ யார்கிட்டயும் போக மாட்டேங்கறா. உள்ளேயே வெச்சிருந்தா அது பெருசாகும்." இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், வாராவாரம் பேச வந்தால் போதும் என்றார்.

மறுநாள் காலையிலேயே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"தே பாரு, ரேஷன் கடைக்குப் போறேன். பதினோரு மணிக்கு வந்துடுவேன்."

குளிக்கப் போனாலும் சொல்வாள். எதிர்வீட்டு மேரி அக்கா, "இன்னா, கலெக்டராண்ட லீவு கேக்கறியா?" என்று கிண்டலடித்தார்.

நான் பதிலே சொல்லமாட்டேன். நம்பி ஏமாறுவதைவிட நம்பாமலே இருப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. பதில் வராத இடத்தில் நாள் தவறாமல் சொல்ல எவ்வளவு பொறுமை வேண்டும்! யாரையும் குறை சொல்லாமல், தன்னையே நொந்துகொண்டு மூலையில் உட்காராமல், நாற்பத்தைந்து வயதில் ஒரு பழக்கத்தை அடியோடு மாற்றிக்கொண்டாள். எனக்கு அந்தத் துணிச்சல் இருந்திருக்காது.

ஐந்தாவது மாதம் ஒரு நாள், நான்கு மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லி வாலாஜாபாத் போனாள். ஐந்தரை ஆயிற்று. அவள் போன் அணைந்திருந்தது. எனக்கு நெஞ்சு இறுகியது. உள்ளங்கை சில்லிட்டது. பிறகு அந்த எண்ணம் வந்தது. போய்விட்டாள், தெருவுக்கே தெரியும், என்னிடம் மட்டும் மறைக்கிறார்கள். கதவைத் தாழ்போடத்தான் எழுந்தேன். ஏனோ தாழ்போடாமல் மேரி அக்காவிடம் போய் நின்றேன்.

"அம்மா என்னை விட்டுட்டுப் பூட்டாங்கன்னு தோணுதுக்கா."

"குந்து," என்றார். சிரிக்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஆறரைக்கு அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். பஸ் பஞ்சராம், போனில் சார்ஜும் இல்லையாம். "நாலு மணின்னு சொல்லிட்டேனேன்னு வழியெல்லாம் எனுக்கு உசுரே இல்லடி."

"ரொம்ப பயமா இருந்துச்சும்மா," என்றேன். அதை அவளிடம் சொல்வது எனக்கு அதுதான் முதல் தடவை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போதும் எப்போதாவது சந்தேகம் எட்டிப்பார்க்கும். இதைப் படிக்கும் உங்களுக்கும் அப்படி இருக்கலாம். முதலில் நெஞ்சு, அப்புறம் கை, கடைசியில்தான் எண்ணம் என்று என் உடம்பு எனக்கு இப்போது பிடிபட்டிருக்கிறது. அவற்றுக்கு நடுவே கொஞ்சம் நேரம் இருக்கிறது. முன்பு அப்படி ஒரு நேரம் இருப்பதே எனக்குத் தெரியாது. எழுந்து எதிர்வீட்டுக்குப் போக அது போதும்.