ரெஸ்பெக்டட் சாரும் ஒரு கமாவும்

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதென்றாலே எனக்குப் பயம். ரெஸ்பெக்டட் சார் என்பதில் இரண்டு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும், பின்னால் கமா வேண்டும். ஒன்று தப்பினாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டுவார். மனுஷன் என்ன சாப்பிட்டு வளர்ந்தாரோ!

போன மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிய இருந்தது. நீட்டிக்கச் சொல்லி எழுத வேண்டும். என் கணவர் கால் முறிந்து திண்டிவனத்து வீட்டில் கிடக்கிறார். இந்த வேலை போனால் நாங்கள் நடுத்தெருதான். வட்டம் விழுந்தால் நீட்டிக்க மாட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு பயந்தேன்.

எங்கள் ஆபீசில் யாரும் புதிதாகக் கடிதம் எழுதுவதில்லை. பழையதை எடுத்து, தேதியும் பெயரும் நடுப்பத்தியும் மாற்றுவோம். வேலையை விட்டுச் சென்னைக்குப் போன ஒரு பெண்ணின் கடிதத்தை மேனேஜரே பலகையில் குத்தி வைத்திருந்தார். "தப்பில்லாத லெட்டர்னா இதாம்மா. பார்த்துக் கத்துக்கங்க" என்பார். மேலேயும் கீழேயும் கை வைக்காமல், நடுப்பத்தியை மட்டும் படிக்காமலே தூக்கிவிட்டு எக்ஸ்டென்ஷன் கேட்டு, அதையே டைப் அடித்துக்கொண்டேன். மறுநாள் பஸ்ஸில் விக்கிரவாண்டி டோல்கேட் வரும்வரை போனில் அந்த முதல் வரியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எக்ஸ்டென்ஷன் லெட்டர் எழுதிக்கினு வந்திருக்கேன் சார்."

சிவப்புப் பேனா மேல்வரியில் நின்றது. பிறகு பேனாவை மூடினார். "ஒரு தப்பு இல்ல. வெரி குட்." கையெழுத்துப் போட்டு, அப்போதே ஸ்கேன் செய்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

என் நகலை ஃபைலில் போடும்போதுதான் கடைசி வரியைப் படித்தேன். மாத இறுதியில் என்னைப் பணியிலிருந்து விடுவிக்கும்படி கேட்டிருந்தது. அந்தப் பெண் எழுதியது ராஜினாமா. பாவி நான், அதை யோசிக்கவே இல்லை.

நகலோடு அவர் அறைக்கு ஓடினேன். கடைசி வரியைப் படித்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"நீ படிக்கலையாம்மா?"

"நீங்க படிக்கலையா சார்?"

ஆபீஸ் மூடும் ஐந்து மணிக்குள், நடந்த தப்பைச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு அவர் எழுதியாக வேண்டும். அங்கே இருப்பவர் இவரைவிடக் கறார். டியர் சார் என்று அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கமா இங்கதானேம்மா வரும்?"

"கமா கெடக்கட்டும் சார். நான் வேலைய விட்டுப் போவலன்னு மொதல்ல எழுதுங்க."