நெற்றியில் அழிந்த இடம்

மகள் பவுடர் டப்பாவைத் திறந்தாள். அந்த வாசம் என்னைப் போடிக் கடைத்தெருவின் பழைய ஸ்டூடியோவுக்கு இழுத்துக்கொண்டு போனது. அதே நேரம் அவளுடைய சிநேகிதி சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி, "யாரும்மா இந்தக் கோட்டுத் துரை? நெத்தியக் காணோமே?" என்றாள்.

என் அண்ணன். பட்டாளத்துக்குப் போகுமுன் எடுத்த படம். கோட்டு ஸ்டூடியோக்காரருடையது. கறுத்த முகம் படத்தில் எடுக்காது என்று அவர் பவுடரை அள்ளி அப்பினார். சின்ன வயதில் காளை கொம்பால் கீறிய தழும்பு புருவத்துக்கு மேலே இருந்தது. அதுவும் மறைந்தது. எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் ஆத்தாவின் கட்டைவிரல் தயங்கி நிற்கும் இடம் அது.

அவன் புறப்பட்ட அன்றுதான் படம் கைக்கு வந்தது. தேனியில் பஸ் உறுமிக்கொண்டிருக்க, ஆத்தா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏலே, இது யாரு பெத்த பிள்ளை? எம்மகன் தழும்பு எங்கனடா?"

"பவுடருக்குள்ள கெடக்கு ஆத்தா."

வேடிக்கையாகத்தான் சொன்னான். அவளோ முந்தானையை எச்சிலில் நனைத்துப் படத்தின் நெற்றி முழுவதையும் தேய்க்கத் தொடங்கிவிட்டாள். அவன் பிடுங்குவதற்குள் பூச்சு உரிந்து வெள்ளைத் தாள் தெரிந்தது.

பர்மாச் சண்டைக்குப் போன அண்ணன் வரவேயில்லை. எங்களிடம் இருப்பது இந்த ஒரு படம்தான். தழும்பு இடப்பக்கமா வலப்பக்கமா என்று இன்று எனக்கே தெரியவில்லை. சொல்ல ஆத்தாவும் இல்லை.

அன்று, படத்தைப் பாழாக்கிவிட்டோமே என்று அவள் அழுதாள். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகப் படத்தை அவள் கையில் வைத்து அண்ணன் சொன்னான்:

"விடு ஆத்தா, அழாத. திரும்பி வந்ததும் மூஞ்சியக் கழுவிட்டு ஒண்ணு எடுத்துக்கிருவம்."