மேரிராணி வாங்கி வைத்த காற்று

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் மேரிராணிக்கு ஒற்றை அறை வீடு. ஜன்னலைத் திறந்தால் எதிர்ப் பட்டறையின் பெயிண்ட் நெடி, மூடினால் புழுக்கம். கணவன் ஜெபராஜ் விபத்தில் இறந்த வருஷமே மகள் லிபியாவுக்கு இளைப்பு வந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு விசிலடித்தது. இந்த ஊர்க் காற்று பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட, ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டியிலிருந்து அக்கா சகாயமேரி வந்து குழந்தையை அழைத்துப்போனாள். அப்போது லிபியாவுக்கு நாலு வயசு.

மேரிராணிக்கு வேலை கிடைத்ததோ, காற்றைச் சுத்தம் செய்யும் பிளாஸ்மா மெஷின் தயாரிக்கும் கம்பெனியில். உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவில் கரண்ட் பாய்ந்ததும் காற்றே ஊதாவாக மினுங்கும். அதற்குள் நுழைகிற புகையும் நெடியும் சிதைந்துபோகும். கூடவே ஓசோன் என்ற வாயுவும் உண்டாகும். அது வெளியே கசிந்தால் நெஞ்சுக்குக் கெடுதல். கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. ஒவ்வொரு மெஷினும் லிபியாவின் தலைமாட்டுக்கே போகப்போகிறது என்ற நினைப்பில்தான் பார்ப்பாள்.

அவள் கதை தெரிந்த சூப்பர்வைசர் பாலாஜி ஒருநாள், "ரிஜெக்ட் பீஸ் ஒண்ணு கெடக்குதுக்கா, எடுத்துட்டுப் போறீங்களா?" என்றான்.

"வேணாம் சார். கசியறதக் கொண்டுபோயி எம் பொண்ணு பக்கத்துல வெக்கறதா? நல்லதா ஒண்ணு குடுங்க, சம்பளத்துல புடிச்சுக்கங்க."

மெஷின் வீட்டுக்கு வந்தது. கோடை லீவுக்கு லிபியாவும் வந்தாள். ஒன்பது வயசு, நல்ல உயரம். ஞாயிறு மதியம் அவள் தூங்கும்போது மேரிராணி அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். விசில் இல்லை. எழுந்ததும் எழாததுமாக, "ஜூன்ல இங்கியே ஸ்கூல்ல சேத்துடறேன் கண்ணு" என்றாள். பிள்ளை முகம் கழுவ எழுந்து போனாள்.

சாயங்காலம் துணி உலர்த்திவிட்டு வந்தவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே லிபியா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வந்து கூட்டிட்டுப் போறியா? மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. வீட்டுக்கு வரணும்மா."

மேரிராணியைப் பார்த்ததும் பிள்ளையின் முகம் வெளிறிவிட்டது. "பெரியம்மாதாம்மா."

"தெரியுது சாமி. துணிமணிய எடுத்து வை."

மறுநாள் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் சகாயமேரி பையை வாங்கிக்கொண்டாள். தங்கை முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"நீயும் வந்துரேன் மேரி."

"அங்க வந்து என்னா வேலைக்குப் போவேங்க்கா?"

ஊத்தங்கரை பஸ் புறப்பட்டது. லிபியா ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் மேரிராணி ஊர் பேரைச் சொன்னாள்.

இப்போதெல்லாம் லீவு கிடைக்கும்போது சாமல்பட்டிக்குப் போய் வருகிறாள். போன தடவை லிபியாவின் புதுத் தோழி ஒருத்தி, வந்திருப்பது யார் என்று கேட்டாள்.

"எங்க ஓசூர் அம்மா" என்றாள் லிபியா, பெருமையாகவே. மேரிராணி சிரித்துவைத்தாள்.