ஆறு சின்னக் காயம், ஒரு முழம் பிளாஸ்திரி

முதுகெலும்பு உடைந்து ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, செல்வராசு என் வார்டில் தண்ணீர் கேனைத் தூக்கக் குனிந்துகொண்டிருந்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டுக் குழந்தை வீரிட்டது. நல்லவேளை, கேன் தரையை விட்டுக் கிளம்பவில்லை.

விருத்தாசலத்தில் நான் வார்டு சிஸ்டராக இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் பீங்கான் யூனிட்டுகளிலிருந்து அடிபட்டு வருகிறவர்கள் உண்டு. செல்வராசு அச்சு அடுக்கும் பரணிலிருந்து விழுந்தவர். முதுகில் ஒரு எலும்பு நொறுங்கியிருந்தது, நரம்பு தப்பியது. முன்பெல்லாம் இதற்கு முதுகைப் பிளந்து, சதையை ஒதுக்கித்தான் ஸ்க்ரூ போடுவார்கள். இப்போது எங்கள் டாக்டர் சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே, ஆறு சின்னத் துளை வழியாக ஸ்க்ரூவையும் கம்பியையும் உள்ளே அனுப்பிவிடுகிறார். ரத்தம் அதிகம் போகாது, வலி குறைவு, மறுநாளே பெல்ட் போட்டு நடக்கலாம். ஆனால் எலும்பு கூடும்வரை குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. ஸ்க்ரூ இடம் பெயர்ந்தால் கால் இரண்டும் போய்விடலாம்.

வலி குறைந்ததுதான் வம்பாகிவிட்டது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். காயத்தைப் பார்த்துவிட்டு, இதற்கா ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கினோம் என்று முகத்தைச் சுளித்தார்கள். பெரியப்பா ஒருவர் சட்டையைத் திறந்து தன் பழைய அல்சர் ஆபரேஷன் தழும்பைக் காட்டி, ஆபரேஷன் என்றால் இதுதான் என்று வார்டுக்கே பாடம் நடத்தினார்.

அவரையும் மிஞ்சியவர் செல்வராசின் மனைவி அஞ்சலை. அதே யூனிட்டில் தரம் பிரிக்கிற வேலை. சூளையிலிருந்து வரும் கப்பை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிப்பவர். அந்தக் கை சும்மா இருக்குமா? புருஷன் முதுகையும் தட்டிப் பார்த்திருக்கிறார்.

"விரிசலு எதுவும் இல்ல சிஸ்டர். சத்தம் நல்லாதான் இருக்குது. அதான் கேன தூக்கச் சொன்னேன்" என்றார், யூனிட்டில் பாஸ் போடுகிற அதே தோரணையில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எக்ஸ்ரேயைக் காட்டினேன். படத்தில் என்னவோ இருக்கிறது, முதுகில் ஒன்றையும் காணோமே என்றார்கள். செல்வராசு அடுத்த வாரமே வேலைக்குப் போவதாகச் சொன்னார். இரண்டு பிள்ளைகளின் அப்பா. காலம் முழுக்கச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாரோ என்று நிஜமாகவே பயந்தேன். ஊதுகிற சங்கை ஊதிவிட்டோம், விடிகிறபோது விடியட்டும் என்று இருக்க என்னால் முடியவில்லை.

டிரெஸ்ஸிங் மாற்றும் நேரம் வந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். ஆறு காயத்துக்கும் முறைப்படி மருந்து வைத்து மூடினேன். பிறகு அதன்மேல் பஞ்சும் துணியும் அடுக்கி, ஒரு முழ நீளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டினேன். அழகுக்குக் குறுக்கே நாலு பட்டை வேறு.

திரையை விலக்கி எல்லோரையும் உள்ளே விட்டேன். பெரியப்பா சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். அஞ்சலை மட்டும் சுவரோரம் நின்று அழுதார்.

"இவ்ளோ பெரிய காயத்தையா சிஸ்டர் நான் தட்டிப் பாத்தேன்?"

எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை. அன்று முதல் செல்வராசு பெல்ட் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தார். செருப்பைக்கூட அஞ்சலைதான் மாட்டிவிட்டார்.

அன்று மாலை ரவுண்ட்ஸில் டாக்டர் அந்தப் பிளாஸ்திரியைப் பார்த்து அப்படியே நின்றார். தன்னுடைய சின்னத் துளைகளை மற்ற டாக்டர்களுக்குப் போட்டோ எடுத்துக் காட்டுகிற மனிதர் அவர். வார்டு வாசலுக்குத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"காயத்த சின்னதாக்கத்தான் சிஸ்டர் நான் இத்தன வருஷம் படிச்சேன்" என்றார்.

அதற்குள் உள்ளே செல்வராசின் துண்டு கீழே விழுந்தது. அவர் அசைவதற்குள் அஞ்சலை பாய்ந்து எடுத்தார்.

"யோவ், குனியாத. முதுவு பொளந்து கெடக்குது."

டாக்டர் அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "டிஸ்சார்ஜ் அன்னைக்கு இன்னும் ஒரு சாண் சேத்து ஒட்டி அனுப்புங்க."

வேலைக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காயத்தைச் சின்னதாக்குவது டாக்டர் வேலை. அது பெரிது என்று வீட்டாரை நம்பவைப்பது நம் வேலை.