பஞ்சு என்றால் பஞ்சுதான்

நான் முன்கோபி, அவசரக்காரனும்கூட. என் தம்பி செத்ததற்கு இந்த இரண்டும்தான் காரணம்.

ஐம்பதுகளின் கடைசியில் விழுப்புரத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போன நண்பர் ஒருவர், பழைய படகு ஒன்றை வாங்கி, மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் உல்லாசமாகத் துடுப்புப் போடுவார். படகோடு நான்கு லைஃப் ஜாக்கெட்டுகளும் வந்தன. காக்கித் துணிக்குள் இலவம் பஞ்சு அடைத்துத் தைத்தவை. ஒன்றை எலி கடித்துப் பாதிப் பஞ்சு கொட்டிப்போயிருந்தது. என் மனைவியிடம் தையல் மிஷின் இருந்ததால் அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஜாக்கெட் என்றதும் ரவிக்கை என்று நினைத்து அவள் சிரித்தாள்.

பிறகு பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது இலவம் பஞ்சுங்க. நம்மகிட்ட மெத்தையில எடுத்த பருத்திப் பஞ்சுதான் இருக்குது. கடையில வாங்கிக்கினு வர்றீங்களா?"

"பஞ்சுன்னா பஞ்சுதான். பேஜாரு பண்ணாம ஜல்தியா தைச்சுக் குடு" என்று எரிந்து விழுந்தேன்.

மறுநாள் தம்பியையும் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அவனுக்கு வேலை கிடைத்திருந்த சந்தோஷம். நீச்சல் தெரியாது. ஏரிக்கரையில் நான்கையும் பரப்பினோம். பழைய மூன்றும் சப்பையாகக் கிடந்தன. மனைவி தைத்தது மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. நீச்சல் தெரியாதவனுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று நானே அதை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

"அண்ணி தைச்சது மெத்துனு இருக்குதுண்ணா" என்றான்.

நடு ஏரியில் இடம் மாறி உட்கார நான் எழுந்தேன். படகு கவிழ்ந்தது. மூவரும் மிதந்தோம். பயம் தெளிந்து தம்பி சிரித்தான்கூட. அவனைப் பற்றிக் கவலையில்லை என்று நானும் நண்பரும் படகை நிமிர்த்தப் போனோம். பருத்தி தண்ணீர் குடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். திரும்பிப் பார்த்தபோது அவன் இல்லை.

வலை போட்டுத்தான் எடுத்தார்கள். ஊறிப்போன நாடாவை அவிழ்க்க முடியாமல் கத்தியால் அறுத்தார்கள்.

சாவு வீட்டில் ஒருவர் அந்த ஜாக்கெட்டைக் கிழித்துப் பார்த்துவிட்டு, இலவம் பஞ்சு தண்ணீரில் ஊறாமல் மிதக்கும், பருத்தி ஊறிக் கனத்து ஆளை இழுத்துவிடும் என்று சொன்னார். "பருத்திய வச்சுத் தைச்சு எம் புள்ளைய முழுங்கிட்டாளே" என்று அம்மா என் மனைவியைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகை நிஜம்தான். ஆனால் அதற்காக மட்டும் மூடவில்லை.

அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனியாக இருந்தபோது என்னிடம்கூடக் கேட்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தாள். மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. அவள் சொம்பைக் கொண்டுவந்து நிலைப்படியில் நிற்பாள். நான் வாங்கி அம்மாவிடம் கொடுப்பேன். என் கையால் கொடுத்தால் அம்மா குடிப்பாள்.