பன்னிரண்டு அறையும் ஃபுல்

விஜயபுரம் நாகேந்திரனுக்கு வேர்க்கடலை போடத் தெரியும், லாட்ஜ் நடத்தத் தெரியாது. பேங்குக்கு இரண்டுமே தெரியாது. ஆனாலும் தன் இரண்டு ஏக்கரை விற்றுவிட்டு, திருப்பதி சாலையோரம் பன்னிரண்டு அறை கட்டப்போகிறேன் என்று அவன் போய் நின்றதும், சுற்றுலாக் கடன் என்று நாற்பது லட்சத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். "பெருமாள் இருக்குற வரைக்கும் கூட்டம் கொறையுமா?" என்றார் பேங்க் ஆபீசர் ரமணா. விண்ணப்பத்தில் ஆபத்து என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

பெருமாள் எங்கேயும் போகவில்லை, சாலைதான் போய்விட்டது. லாட்ஜ் திறந்த ஆறாம் மாதம் புறவழிச்சாலை வந்தது. பஸ்ஸும் காரும் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் பறந்தன. தவணை நின்றதும், நேரில் பார்க்க வருவதாக ரமணா போன் செய்தார்.

நாகேந்திரனின் மூளை அன்றைக்கென்று வேலை செய்தது. சொந்தக்காரர்கள் முப்பது பேரை வேனில் ஏற்றிவந்து அறைகளை நிரப்பினான். பக்தர்கள் என்றால் மொட்டை வேண்டாமா? முடிவெட்டுகிறவரை வரவழைத்து ஆண்கள் எல்லார் தலையையும் வழித்தாயிற்று. "ஒரு பொம்பளையாச்சும் மொட்ட இருந்தாத்தான் நம்புவாங்க" என்று மனைவி ஸ்வர்ணலதாவிடம் கெஞ்சினான். இடுப்பு வரை தொங்கிய முடி அவளுக்கு. பாவம், கொடுத்தாள்.

ரமணா வந்தார். வாசலில் நின்ற நாகேந்திரனின் சின்னம்மா சுலோச்சனாவைப் பார்த்து, "தர்சனம் பாக அயிந்தா அம்மா?" என்று, தரிசனம் நல்லபடி ஆயிற்றா எனத் தெலுங்கில் விசாரித்தார்.

"எங்க சார், நான் மல ஏறியே மூணு வருசம் ஆவுது. பிரியாணி போட்றேன்னு நாகேந்திரன் சொன்னான், துன்னுகினு போலாம்னு வந்தோம்."

ரமணாவுக்கு எல்லாம் புரிந்தது. ஆனால் அது மார்ச் மாதம், வருஷக் கணக்கு முடிவதற்குள் அவர் கொடுத்து முடிக்க வேண்டிய கடன் இலக்கில் இன்னும் பாக்கி. 'பன்னிரண்டு அறையும் ஃபுல்' என்று எழுதிக்கொண்டார். "எடம் பத்தலையே நாகேந்திரன் காரு! மேல ஒரு மாடி கட்டுங்க. இருபது லட்சம் தரோம், அதுலயே பழைய தவணையையும் கட்டிடலாம். ஈடு மட்டும் ஏதாச்சும் காட்டுங்க."

ஈடு காட்ட மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, ஸ்வர்ணலதாவுக்குத் தாய்வீட்டில் எழுதிவைத்த ஒரு ஏக்கர். நாகேந்திரன் வெட்கமே இல்லாமல் அந்த நிலத்தின் பட்டா பாஸ்புக்கை எடுத்துவரச் சொன்னான்.

அவள் முக்காட்டைத் தள்ளிவிட்டுத் தலையைத் தடவினாள். "இது மறுபடி மொளைக்கும்னு குடுத்தேன். நெலம் மொளைக்குமா? போய்யா!"

கையெழுத்துப் போடவே இல்லை. லாட்ஜைப் பேங்க் எடுத்துக்கொண்டது. இப்போது அந்த ஒரு ஏக்கரில் அவள் வேர்க்கடலை போடுகிறாள், நாகேந்திரன் களை எடுக்கிறான்.

போன வாரம் பேப்பரில் ஏல அறிவிப்பு வந்தது. நாகேந்திரன் வரப்பில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினான். பன்னிரண்டு அறையும் நிரம்பியிருக்கும் லாட்ஜாம். வாங்க விரும்புகிறவர்களுக்கு அதே பேங்கில் சுற்றுலாக் கடனும் உண்டாம்.